மேசன் வேலை: கையாளாகச் சேர்ந்து பாஸாக உயர்வது எப்படி?

சாதாரண தரப் பெறுபேறுகள் வந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி, "இனி இவன் என்ன செய்வது?" என்பதாகும். அநேகமாகக் கடை அல்லது வெளிநாடு என்ற இரண்டு பதில்களே கிடைக்கின்றன. மேசன் வேலை என்றால் பெற்றோர் முகம் சுளிக்கின்றனர். ஆனால், அதே பெற்றோர் வீடு கட்டத் தொடங்கினால் நல்ல பாஸ் ஒருவரைத் தேடி ஊரெல்லாம் அலைகின்றனர். சிறு கட்டட ஒப்பந்த வேலைகளைச் செய்து வருபவன் என்ற வகையில், இத்தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்களுக்குச் சில விடயங்களைக் கூற விரும்புகிறேன்.

கையாள் வேறு, பயிலுநர் வேறு

கையாள் சாந்து குழைப்பார், கல் சுமப்பார், அன்றைய கூலியைப் பெற்றுச் செல்வார். பத்து வருடம் கையாளாக இருந்தும் ஒரு மூலை கட்டத் தெரியாதவர்களை நான் கண்டிருக்கிறேன். பயிலுநர் தொழிலைக் கற்க வந்தவர். எனவே வேலைக்குச் சேருமுன், "எப்போது கரண்டி பிடிக்கத் தருவீர்கள்?" என்று பாஸிடம் கேளுங்கள். நான் பழக்கும்போது முதலில் கலவையும் அளவும், பின்னர் நூல் பிடித்து நடுச்சுவர், இறுதியாக மூலை என்ற ஒழுங்கையே பின்பற்றுகிறேன்.

முதலில் கற்க வேண்டியவை

1. மூலைமட்டம்: மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறு பக்கம் 4 அடியும் குறியுங்கள். இரு குறிகளுக்கும் இடையில் சரியாக 5 அடி இருந்தால் மூலை சரி.

2. செங்கல்: கட்டுமுன் நீரில் நனைக்க வேண்டும். காய்ந்த கல் சாந்திலுள்ள நீரை உறிஞ்சுவதால் பிடிப்புக் குறையும். ஒரு வரியின் நிலைக்குத்து மூட்டு, கீழ் வரியின் மூட்டுக்கு நேராக வரக்கூடாது.

3. சாந்து: சாதாரண செங்கற் சுவருக்கு 1 பங்கு சீமெந்துக்கு 5 பங்கு மணல் போதும். நீர் சேர்த்த சாந்தை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள். இறுகியதை மீண்டும் நீர் விட்டுக் குழைக்காதீர்கள்.

4. உயரம்: ஒரே நாளில் 4 அடிக்கு மேல் எழுப்பாதீர்கள். கட்டிய சுவருக்குக் குறைந்தது 7 நாட்கள் நீர் ஊற்ற வேண்டும்.

கணக்கே இலாபம்

220 × 105 × 65 மில்லிமீற்றர் அளவுள்ள செங்கல்லை 10 மில்லிமீற்றர் சாந்துடன் கட்டினால், சுவரின் முகப்பில் ஒரு கல் 230 × 75 மில்லிமீற்றர் இடத்தைப் பிடிக்கும். எனவே நாலரை அங்குலச் சுவரின் ஒரு சதுர மீற்றருக்கு 58 கல் தேவை. 10 அடி நீளம், 10 அடி உயரமான சுவர் ஏறத்தாழ 9.3 சதுர மீற்றர். அதற்கு 540 கல் வேண்டும். உடைவுக்கு நூற்றுக்கு 5 வீதம் சேர்த்தால் ஏறத்தாழ 567. இந்தக் கணக்குத் தெரியாமல் கொந்தராத்து எடுப்பவர் குறைத்து விலை சொல்லி, இறுதியில் தமது கூலியையே இழப்பார்.

கையில் ஒரு சான்றிதழ்

தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, தொழிற்பயிற்சி அதிகார சபை ஆகியவற்றின் மூலம் தேசிய தொழிற் தகைமைச் (என்.வி.கியூ) சான்றிதழைப் பெறலாம். இத்தகைமை 7 மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ் மட்டங்கள், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டம். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் பாடநெறியைப் பின்பற்றாமலே தமது முன் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். எனவே செய்த வேலைகளைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி, படங்களும் எடுத்து வையுங்கள்.

பெற்றோர்களே, கரண்டி பிடிக்கத் தெரிந்தவன் நாட்கூலி பெறுவான். அளக்கவும் தெரிந்தவன் ஒப்பந்தம் எடுப்பான். சான்றிதழும் வைத்திருப்பவன் தன்னைத் தெரியாத ஊரிலும் தன் திறமையைக் காட்டி வேலை கேட்பான். பிள்ளையின் கையில் கரண்டியைக் கண்டு வெட்கப்படாதீர்கள். அவன் மூன்று வருடம் கழித்தும் சாந்து மட்டுமே குழைத்துக் கொண்டிருந்தால், அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.