நாற்சந்தியிலிருந்து நாலு பக்கம்

சிம்பாங் அம்பாட்,
பினாங்கு.

அன்பு மகனுக்குப் பெரியப்பா எழுதுவது.

நேற்றிரவு போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "மார்ச் லீவுக்குப் பிள்ளைகளை லங்காவிக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பார்க்கிறேன் பெரியப்பா, 3000 வெள்ளி ஆகும் போல. கார்டுல போட்டு மாசாமாசம் கட்டிக்கலாமா?" என்றாய். வாய் திறந்தால் திட்டுவதுபோல் ஆகிவிடும் என்று, "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். யோசித்துத்தான் எழுதுகிறேன். பேசினால் காற்றோடு போய்விடும். எழுதினால் மருமகளும் படிப்பாள்.

பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. ஆனால் கடன் வாங்கிப் போகாதே.

இதைச் சொல்லும் தகுதி நான் பட்டதால் வந்தது. உன் அக்காவும் அண்ணனும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கேமரன் மலைக்கு நாலு நாள் போனோம். தாப்பாவிலிருந்து ஏறும் பழைய பாதை. வளைவுக்கு வளைவு வாந்தி. தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரித் தோட்டம், தேனீப் பண்ணை, சந்தை என்று ஒன்றையும் விடவில்லை. திரும்பி வந்து ஒன்பது மாதம் கார்டுக்குக் கட்டினேன். போன தீபாவளிக்கு வந்த உன் அக்காவிடம், "கேமரன் போனது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "ஈப்போகிட்ட டயர் பஞ்சராகி, ரோட்டோரக் கடையில உட்கார்ந்து பம்பளிமாஸ் உரிச்சுத் தின்னோமே, அதுதானே?" என்றாள். ஒன்பது மாதக் கடனில் அவள் மனத்தில் தங்கியது அந்த ஒரு பழம்.

அன்றைக்கு நாங்கள் அவசரப்படாமல் ஓர் இடத்தில் உட்கார்ந்தது அந்த ஒரு மணி நேரம்தான். பிள்ளைகளுக்குத் தூரம் தெரியாது, விலையும் தெரியாது. அப்பா அம்மா கடிகாரத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களா என்பது மட்டும் தெரியும்.

நம் ஊரின் பேரையே பாரேன். சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி. நாலு பக்கமும் பாதை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, எங்கே போவது என்று கடன் அட்டையைக் கேட்கிறாய். ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள். இரவு அவரவர் பாயில் தூக்கம். ஹோட்டல் செலவே கிடையாது.

முதல் நாள் தெற்கே போ. ஹைவேயில் ஏறாதே. பழைய முதலாம் எண் சாலையிலேயே சுங்கை பாக்காப், நிபோங் தெபால் வழியாகப் போ. டோலுக்கு ஒரு சென்கூட வேண்டாம். வால்டோர், கலிடோனியா, பைராம் என்று நீ கேட்ட பெயரெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள். கப்பலேறி வந்த நம்மவர்கள் முதலில் வெட்டியது கரும்பு. ரப்பர் பிறகு வந்தது, செம்பனை அதற்கும் பிறகு. காடியை ஓரமாக நிறுத்தி இதைப் பெரியவனுக்குச் சொல். கிரியான் ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பேராக். பாரிட் புந்தார், பாகான் செராய் பக்கமெல்லாம் வயல்வெளி. ஆற அமரப் போனாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தைப்பிங்.

தைப்பிங்கில் ஏரிப் பூங்காவுக்குக் காசு வாங்குவதில்லை. ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளை 1880இல் பூங்காவாக்கினார்கள். கரையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டி வந்து ஏரித் தண்ணீரைத் தொடும். பக்கத்திலேயே மிருகக்காட்சிசாலை இருக்கிறது. 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகமும் இருக்கிறது. நம் நாட்டிலேயே பழையது அதுதான். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதே. எது வேண்டும் என்று சின்னவள் சொல்லட்டும். குடை மறக்காதே, தைப்பிங்கில் மத்தியானத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது.

திரும்பும் முன் கோலா செபெத்தாங்குக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வா. அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885இல் ஓடியது தைப்பிங்குக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் இடையில்தான். ஈயம் கொண்டுபோகப் போட்ட பாதை. அதைப் போட இலங்கையிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். தண்டவாளம் போய்விட்டது. டிக்கெட் கொடுத்த இடமும் பெயர்ப்பலகையும் நிற்கின்றன. அந்தப் பலகையில் தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். தமிழ்ப்பள்ளியில் படிக்கிற உன் மகனை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல். நீ படித்துக் காட்டாதே. அங்கேயே கரிச்சூளையும் இருக்கிறது. மாத்தாங் சதுப்புக்காட்டு மரத்தை முப்பது வருஷத்துக்கு ஒரு முறைதான் வெட்டுகிறார்கள். வெட்டிய மரத்தைக் குவிமாடம் போன்ற சூளையில் அடுக்கி, வாரக் கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள்.

செலவைப் பார். போக வர 175 கிலோமீட்டர் என்று வை. உன் மைவி லிட்டருக்குப் பதினைந்து ஓடினால் பன்னிரண்டு லிட்டர். 2025 செப்டம்பர் கடைசியில் வந்த பூடி95 மானியப் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1.99 வெள்ளி. ஆக 24 வெள்ளி. நம் ஊரிலேயே கொமுட்டர் ரயில் நிற்கிறது. காடியை வீட்டில் விட்டுவிட்டு ரயிலிலும் தைப்பிங் போகலாம். புக்கிட் மேரா ஏரியின் நடுவே ரயில் போகும்போது பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரமாட்டார்கள்.

இரண்டாம் நாள் வடக்கே. அதை ஞாயிற்றுக்கிழமையாக வைத்துக்கொள். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிறு அங்கே வேலை நாள், கூட்டம் குறையும். சுங்கை பட்டாணி, பீடோங் தாண்டி மெர்போக் போ. ஜெராய் மலை அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வளாகத்திலேயே புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் அடித்தளம். கூரை போய்விட்டது, தூண் நின்ற கல் மட்டும் இருக்கிறது.

நம் பாட்டன்மார் கடாரம் என்று சொன்ன நாடு இந்தப் பக்கம்தான். ராஜேந்திர சோழனின் படை 1025இல் வந்தது. அதைச் சொல்லும்போது பெருமையை மட்டும் ஊட்டாதே. படை வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே துறைமுகம் இருந்தது, வணிகர்கள் வந்தார்கள், சுங்கை பத்துவில் இரும்பு உருக்கினார்கள். அப்படிப்பட்ட நாட்டுக்குத்தான் படை வந்தது. இரண்டையும் கேட்டு வளர்கிற பிள்ளை, "நீங்க எப்ப இங்க வந்தீங்க?" என்று யாராவது கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லும். கிளம்பும் முன் அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிடு.

மூன்றாம் நாள் கிழக்குக்குப் பதில் மறுபடியும் வடக்கேயே போ, ஆனால் தூரம் இல்லை. புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக்குன் காடு. சின்ன ஓடை, பெரிய மரம், நடைபாதை. அரை நாள் போதும்.

மேற்கே கடல். பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலம், 2014இல் திறந்தது, 24 கிலோமீட்டர். பினாங்குத் தீவுக்குப் போகத்தான் டோல், திரும்பி வர இல்லை. ஆனாலும் பாலத்தில் போகாதே. பட்டர்வொர்த்தில் காடியை நிறுத்திவிட்டுப் பெரிப் படகில் போ. முதல் பாலம் 1985இல்தான் வந்தது. அதற்கு முன் தைப்பூசத்துக்குத் தோட்டத்து லோரியில் எங்களை அடைத்து, லோரியோடு பெரியில் ஏற்றித்தான் தண்ணீர்மலைக்குக் கொண்டுபோவார்கள். என் அப்பா வருஷத்துக்கு ஒரு முறை எங்களைக் கூட்டிப்போன ஒரே இடம் அது. பெரியில் அவர் என்னைத் தூக்கிக் கம்பியோரம் நிறுத்திக் கடலைக் காட்டுவார். வேறு எந்த ஊரையும் காட்ட அவரிடம் காசு இல்லை. எனக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

இனிச் சில சின்ன விஷயங்கள்.

விடிந்ததும் கிளம்பு, மூன்று மணிக்குத் திரும்பு. மார்ச் வெயிலில் பிள்ளைகள் அழுவது அடம் இல்லை, தாகம்.

சின்னவளுக்குக் குழந்தை இருக்கை வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் அது சட்டம். "பக்கத்துலதானே" என்று மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லாதே.

ஓர் உறையில் 150 வெள்ளி போட்டுப் பெரியவன் கையில் கொடு, ஒரு நோட்டும் கொடு. அன்றைய செலவை அவன்தான் கொடுத்து, அவன்தான் எழுத வேண்டும். ஐஸ்கச்சாங் வேண்டுமா, பொம்மை வேண்டுமா என்று அவனே கணக்குப் பார்க்கட்டும். மிச்சம் அவன் உண்டியலுக்கு. உறையில் இவ்வளவுதான் என்று பிள்ளைக்குத் தெரிவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தெரியாமல் வளர்வதுதான் பிறகு வினையாகும்.

முக்கியமானது இது. செலவு மிச்சம் என்று சொல்லி மருமகளை விடியற்காலை நாலரைக்கு எழுப்பிக் கட்டுச்சோறு கட்டச் சொல்லாதே. அவளுக்கும் அது லீவு. முதல் நாள் இரவே நீ முட்டை அவித்து, ரொட்டியும் பழமும் எடுத்து வை. மத்தியானம் கடையில் சாப்பிடுங்கள். நாலு பேருக்கு நாசி ஆயாம் வாங்கினால் குடி முழுகிவிடாது. உன் செலவைக் குறைப்பதற்கு அவள் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விட்டால், அதுவும் கடன்தான்.

லங்காவி எங்கும் ஓடிப் போகாது. இந்த மாதத்திலிருந்து 250 வெள்ளி தனியாகப் போடு. அடுத்த மார்ச்சில் 3000 வெள்ளி கையில் இருக்கும். யாருக்கும் கட்ட வேண்டியதில்லாமல் போய்விட்டு வா.

என்னுடைய ஐஸ் பெட்டி ஸ்டோரில் சும்மா கிடக்கிறது. மூடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, கயிறு கட்டிக்கொள்ளலாம். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. வரும்போது ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
பெரியப்பா