படத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் கூடவே அனுப்பியிருந்த புகைப்படங்களும் கிடைத்தன. ஆண்டிறுதிக் கண்காட்சிக்கான படம் முடிந்துவிட்டது, அதைப் பற்றிப் பேசத்தான் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் நான் படித்தபோதும் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் இந்தப் பயம் இருந்தது. வருஷக்கணக்காகத் தூரிகை பிடித்த பிள்ளைகள், "இது உனக்கு எப்படித் தோன்றியது?" என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டதும் வியர்த்து நிற்பார்கள்.

நீ எழுதிவைத்திருக்கும் குறிப்பைப் படித்தேன். டெல்டா விவசாயிகளின் வாழ்வும் வலியும் உன் படைப்புக்கு உந்துதல் என்கிறாய். மண்ணின் மரபை நவீன மொழியில் சொல்ல முயன்றதாகவும் சொல்கிறாய். இந்த இரண்டு வரியை உன் வகுப்பில் யார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாலும் பொருந்திப்போகும். அதனால் அதைக் கிழித்துப் போட்டுவிடு. உன் படம் அந்த வரிகளைவிட எவ்வளவோ மேல்.

படத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசல். மழை விட்ட மறுநாள் காலை போலிருக்கிறது. நீலத் தார்ப்பாயின் ஒரு மூலையை மடித்துவிட்டிருக்கிறார்கள். மறுமூலையில் பறக்காமலிருக்க ஒரு செங்கல். மடித்த இடத்தில் குவியலின் ஓரம் தெரிகிறது. அங்கே நெல் முளைத்திருக்கிறது. வெள்ளை முளை, நுனியில் மட்டும் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு நாற்றங்கால் ஞாபகம் வந்தது. விதைத்த சில நாளில் தலைகாட்டும் அதே பச்சை. நாற்றங்காலில் அதைக் கண்டால் வீடே சந்தோஷப்படும். கொள்முதல் நிலையத்து வாசலில் கண்டால் ஒரு போகத்து உழைப்பு போச்சு. ஒரே நிறம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக அடிக்கிறது. உன் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே, ஏன்?

தேர்வாளர் முன்னால் நிற்கும்போது முதலில் நீ நின்ற இடத்தைச் சொல். எந்த ஊர் நிலையம்? குறுவை நெல்லா, சம்பாவா, தாளடியா? குறுவை அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்வது வேறு கதை; தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுக்கும்போது பருவம் தப்பி மழை கொட்டுவது வேறு கதை. இரண்டிலும் வெளிச்சம்கூட ஒன்றாக இருக்காது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால், தளர்வு ஆணை வராத வரை நெல்லை எடுக்கமாட்டார்கள் என்பதைச் சொல். ஈரப்பதம் அளக்கும் கருவியில் எண் ஏறி நிற்கும் சில நொடி, எதிரே நிற்பவர் முகம் எப்படி இருந்தது என்பதை நீ பார்த்திருக்கிறாய்; கடிதத்தில் எனக்கு எழுதியிருக்கிறாய். எனக்கு எழுதியதை அவர்களிடம் சொல்லக் கூச்சம் எதற்கு? "விவசாயிகளின் வலி" என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார். 40 கிலோ சாக்கில் கட்டிக் கொண்டுவந்த நெல்லை அவிழ்த்துக் கொட்டி, ரோட்டோரம் காயவைத்து, மறுபடி கட்டிக்கொண்டு வரிசையில் நின்றவரைப் பற்றிச் சொன்னால் அவர் நின்று கேட்பார்.

வங்காளத்து ஓவியர் சித்தபிரசாத் பட்டாச்சார்யாவை உனக்குத் தெரிந்திருக்கும். 1943 பஞ்சத்தின்போது மிட்னாப்பூர் மாவட்டத்துக்குள் சுற்றி, கண்டவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். அந்தக் கோட்டோவியங்களில் பலவற்றில் வரையப்பட்டவரின் பெயரும் ஊரும் குறித்திருக்கும். பஞ்சம் என்ற பெரிய சொல்லுக்குள் அந்த மனிதர்கள் காணாமல் போய்விடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம். அந்தப் படங்களும் எழுத்தும் சேர்ந்த சிறு நூலின் பிரதிகளை ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்து அழித்தது. பொதுவாக "ஏழைகள் பசியில் வாடுகிறார்கள்" என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் அரசு அவ்வளவு மிரண்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

படத்தில் மனிதர்களே இல்லையே, அதைக் கேட்டால் என்ன சொல்வது என்று கவலைப்பட்டிருக்கிறாய். இதற்கு நான் பதில் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஒரு வேலை தருகிறேன். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போ. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் அங்கே நிற்கிறார். 1011-ஆம் ஆண்டு வார்த்த செப்புத் திருமேனி. பாம்புகளைச் சுற்றித் தலைப்பாகைபோல் முடித்த சடை, ஒரு காலை மாற்றி ஊன்றிய நிலை, காளையின் மேல் சாய்த்த கை. ஆனால் காளை இல்லை. அது நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிரு. முழங்கை மடங்கிய விதம், விரல்கள் தொங்கும் தளர்ச்சி, இடுப்பு ஒருபக்கம் ஒதுங்கிய கோணம், எல்லாமாகச் சேர்ந்து காளையின் உயரத்தைக்கூடச் சொல்லிவிடும். அங்கே காளை தொலைந்துபோனது; உன் படத்தில் மனிதரை நீயே விலக்கியிருக்கிறாய். அந்த வேறுபாட்டை மறந்துவிடாதே. ஆனால் தார்ப்பாயின் மேல் வைத்த செங்கலும், பக்கத்தில் கழற்றிவிட்ட, வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பும் அந்தக் கையின் வேலையைச் செய்கின்றனவா என்று திரும்பி வந்து உன் படத்தைப் பார். செய்கின்றன என்று நீ நம்பினால், தேர்வாளரிடம் அந்தச் செருப்பைக் காட்டு. போதும்.

இனி "மரபு" என்று நீ எழுதியதற்கு வருகிறேன். இந்தச் சொல்லை நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலும் சுவாமிமலையும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் மரபு தானாக நம் மேல் ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பு. உன் படத்தில் மரபு எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியுமா? முடியும். குவியலின் மேல் பக்கம், முளைக்காமல் தப்பித்த சில நெல்மணிகளின் மேல் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறாய். அதற்கு முன் மாவுக்குழம்பு வைத்துக் கொஞ்சம் மேடு எழுப்பியிருக்கிறாய். பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் பூசித் தேய்த்து, நகைகளும் மண்டபத் தூண்களும் வரும் இடங்களை மேடாக்கி, ரேக்கு ஒட்டும் தஞ்சாவூர் ஓவியத்தின் வேலை அது. அந்தத் தங்கம் காலங்காலமாகக் கண்ணனின் கைவளைக்கும் ராமர் பட்டாபிஷேகத்தின் கிரீடத்துக்கும் போனது. நீ அதை நெல்லுக்கு வைத்தாய். இது பெரிய காரியம், தம்பி. இதை "மரபை நவீன மொழியில்" என்று மூடி மறைத்துவிடாதே. யாரிடம் இந்த வேலையைக் கற்றாய் என்பதையும் சொல். தஞ்சாவூரில் எந்தத் தெருவில், யார் பட்டறையில், எத்தனை ரேக்கு கிழித்த பிறகு கை படிந்தது என்பதெல்லாம் உன் படம் பிறந்த கதைதான். கைவினைஞரிடம் வாங்கியதைக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கற்பனை என்று சொல்லிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பொறுக்காது.

சுவாமிமலைச் சிற்பப் பட்டறையில் மெழுகு வார்ப்பு கற்ற உன் சிற்பத்துறைத் தோழிக்கும் இதைச் சொல். அவள் வார்த்த சிலை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காவிரி வண்டலிலிருந்து ஆரம்பிக்கட்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் செய்த உருவத்தின் மேல் முதல் பூச்சாகப் போகும் அந்த மண், கைரேகைகூடப் பதியும் அளவுக்கு மையானது. அதற்கு மேல்தான் சொரசொரப்பான மண், கம்பிக்கட்டு எல்லாம். நகையின் நுணுக்கம் உலோகத்தில் வந்து நிற்பதற்கு அந்த முதல் பூச்சுதான் பொறுப்பு. ஆற்றுக்கும் சிலைக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக எந்தக் கவிதையும் சொல்லாது.

நம் பக்கத்திலிருந்து போன மூன்று பேரை நினைத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர்க்காரர் கோபுலு, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். விகடனில் சேரும் முன், அங்கே ஓவியராக இருந்த மாலி அவரைத் திருவையாற்றுக்கு அனுப்பி, தியாகராஜர் பூஜித்த ராமர் பட்டாபிஷேகப் படத்தை நேரில் பார்த்து வரைந்துவரச் சொன்னாராம். பிற்பாடு தில்லானா மோகனாம்பாள் தொடர்கதைக்கு அவர் போட்ட படங்களில் நாகஸ்வரக்காரர் உட்காரும் விதம், துண்டு கிடக்கும் விதம் எல்லாம் அப்படியே நம் கோயில் வாசல் ஆட்களாக இருப்பது பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணால் வந்தது. உப்பிலியப்பன் கோயில்காரரான வீர சந்தானம் நம் கல்லூரிப் பிள்ளை. தோற்பாவையின் கோட்டையும் துளைகளையும் எடுத்துத் தன் ஓவியத்துக்கு உடம்பாக்கிக்கொண்டார். தஞ்சை விளாரில் 2013-இல் திறந்த முள்ளிவாய்க்கால் முற்றத்தின் கற்சிற்பங்களுக்கு அவர் வரைந்த உருவங்களைப் போய்ப் பார்; ஊர்க்கூத்தின் பாவையில் கற்ற கோடு கடல்தாண்டிய துயரத்தைச் சுமக்கிறது. அடுத்தவர் ஓவியர் இளையராஜா. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து சென்னை கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். வாசற்படியிலும் அடுப்படியிலும் விழும் வெளிச்சத்தில் நிற்கும் கறுத்த, அழகான பெண்களை வரைந்தார். 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. நாற்பதைத் தாண்டிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பெண்ணை எனக்குத் தெரியுமே என்று தோன்றும். மூன்று பேரும் எடுத்துக்கொண்டது மூன்று வேறு விஷயம். ஒவ்வொருவரும் எதை எடுத்தார்கள் என்று விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது. உன்னிடமும் அதைத்தான் கேட்கிறேன்.

வரையும் முன்பே முழு யோசனையும் இருந்தது என்று காட்டிக்கொள்ளாதே. பாதியில் மாறியிருந்தால் மாறியது என்று சொல். உன் முதல் கோட்டுப்படத்தில் தார்ப்பாய் முழுக்க மூடியிருந்தது, முளையே இல்லை என்று புகைப்படத்தில் பார்த்தேன். எப்போது அந்த மூலையைத் திறந்தாய்? அந்தக் கோட்டுப்படங்களையும் மேசையில் வை. பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. எல்லோரும் ஏறிப் பார்க்க விடுவதில்லை. 108 கரணங்களில் 81 முடிந்திருக்கின்றன. மிச்சத்துக்கு வைத்த கற்கள் செதுக்காமல் சுவரிலேயே நிற்கின்றன. அந்த வெறுங்கற்கள்தான் நமக்கு வேலை நடந்த முறையைச் சொல்கின்றன: முதலில் கல்லைச் சுவரில் பொருத்தி, பிறகு அங்கேயே நின்று செதுக்கியிருக்கிறார்கள். முடிந்த 81 மட்டும் இருந்திருந்தால் இது இவ்வளவு பளிச்சென்று தெரிந்திருக்காது. உன் படத்தின் வலது ஓரத்தில் கித்தான் வெறுமையாக இருப்பதற்கும் இது பொருந்தும். வேண்டுமென்றே விட்டாயா, நேரம் போதவில்லையா? நேரம் போதவில்லை என்றால் அப்படியே சொல். அதற்குத் தத்துவம் கட்டாதே. தேர்வாளர்கள் இருபது வருஷமாக இப்படித் தத்துவம் கேட்டுச் சலித்தவர்கள்.

தெரியாததைக் கேட்டால் தெரியவில்லை என்று சொல்லவும் தயங்காதே. அந்தப் பச்சை ஏன் உன்னை இவ்வளவு பிடித்து ஆட்டியது என்று உனக்கே இன்னும் முழுசாகத் தெரியாமல் இருக்கலாம். 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி பெரிய கோயிலின் உள் சுற்றில் நாயக்கர் காலத்துப் பூச்சு உதிர்ந்த இடத்தில் சோழர் ஓவியத்தைக் காணும் வரை, ஒரு சுவருக்குள் இரண்டு காலம் இருப்பது யாருக்கும் தெரியாது. உன் படத்தில் அடியில் இருப்பது எதுவென்று நீயே பத்து வருஷம் கழித்துக் காணலாம். இப்போது தெரிந்ததை மட்டும் இப்போது சொல்.

குறிப்பை மறுபடி எழுது. ஆறேழு வாக்கியம் போதும். நின்ற இடம், பார்த்த பச்சை, ரேக்கு கற்ற பட்டறை, பாதியில் திறந்த மூலை. ஊடகமும் அளவும் அடியில் இருக்கட்டும். தமிழில் எழுது, ஆங்கிலத்தில் கேட்டால் நண்பர் யாரையாவது வைத்து மாற்றிக்கொள்ளலாம். அம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டு, எங்கே முகம் சுளிக்கிறார்களோ அந்த வாக்கியத்தை எடுத்துவிடு.

கண்காட்சியின் முதல் நாளுக்கே அந்தக் கொள்முதல் நிலையத்து ஆட்களைக் கூப்பிடு. எடை போடுபவர், சாக்கு தைப்பவர், நெல் கொட்டிக் காத்திருந்த அந்தப் பெரியவர், வரக்கூடியவர்கள் எல்லோரையும். பஸ்ஸுக்கு நான் பணம் அனுப்புகிறேன். அவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்பதை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா