நிலாவெளியிலிருந்து ஸ்பானிஷ் படிக்கப் போகலாமா?

கேள்வி: ரீச்சர், நான் நிலாவெளியைச் சேர்ந்தவள். உயர்தரத்தில் கலைப்பிரிவு, தமிழ், வரலாறு, புவியியல் எடுத்தேன். பெறுபேறு நன்றாகவே வந்திருக்கிறது. அம்மா வீட்டோடு சேர்ந்த இரண்டு அறைகளை வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுகிறா. ஆடி, ஆவணியில் வருகிறவர்களில் ஸ்பெயின்காரரும் இருப்பார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஆசை வந்து, இப்போது கைப்பேசியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறேன். ஸ்பானிய மொழியையும் பண்பாட்டையும் பல்கலைக்கழகத்தில் பட்டமாகவே படிக்க விருப்பம். அப்பா, "அதைப் படிச்சுப்போட்டு இங்க ஆரோட கதைக்கப் போறாய்? ரீச்சர் வேலையும் கிடையாது" என்கிறார். இதை எங்கே படிக்கலாம்? வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையால் முடியுமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: முடியும், பிள்ளை. ஆனால் வழி கொழும்பைவிடப் புதுடில்லிக்கும் ஹைதராபாத்துக்கும்தான் கூடுதலாகப் போகிறது.

நமது உயர்தரப் பாடப் பட்டியலில் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், சீனம், ஹிந்தி எல்லாம் உண்டு, ஸ்பானியம் இல்லை. பாடசாலையில் இல்லாத மொழிக்குப் பல்கலைக்கழகத்தில் துறை வளர்வது கடினம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்திலும் ஸ்பானியப் பட்டம் கிடையாது. இந்தியாவில் நிலைமை வேறு. புதுடில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானியத்துக்கும் இலத்தீன் அமெரிக்க ஆய்வுக்கும் தனி மையம் உண்டு. இளங்கலை முதல் முனைவர் பட்டம் வரை படிக்கலாம். இளங்கலைக்கு முன்கூட்டியே ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அரிச்சுவடியிலிருந்தே தொடங்குகிறார்கள். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவிலும், ஹைதராபாத்தில் ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்குமான இஃப்லு பல்கலைக்கழகத்திலும் ஸ்பானியப் பட்டப்படிப்பு இருக்கிறது.

இனிக் காசு. இந்திய அரசு இலங்கை மாணவருக்கென்று நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் என்ற திட்டத்தை வைத்திருக்கிறது. அது இளங்கலைக்கு, கலை, மனிதப்பண்பியல் பாடங்களும் அதில் அடக்கம். கற்கைக் கட்டணம் முழுவதும், மாதாந்தப் படி, தங்குமிடப் படி, புத்தகச் செலவு, விமானச்சீட்டு வரை தருகிறார்கள். கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம்தான் விண்ணப்பம் கோரும்; தெரிவில் உங்கள் உயர்தரப் பெறுபேறு பெரிதாகப் பேசும். உங்கள் வீட்டு வருமானத்தில் டில்லியில் படிக்க நடைமுறையில் திறந்திருக்கும் கதவு இதுதான். ஆங்கிலம் மட்டும் கைவசம் இருக்கவேண்டும். வகுப்பில் வரலாற்றுப் பாடமும் இலக்கிய விமர்சனமும் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே வரும். அந்த இடத்தில் தடுமாறி, ஸ்பானிஷில் கெட்டிக்காரராய் இருந்தும் சோர்ந்துபோன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

மொழியைப் பற்றிப் பயப்படாதீர்கள். தமிழ் நாக்குக்கு ஸ்பானிஷ் மிகவும் இணக்கமானது. அவர்களுடைய 't' பல்லில் நாக்குப் படும் நம்முடைய 'த'தான். அதன் இணையெழுத்து 'd' இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால், 'பாதை'யில் வரும் தகரம்போல் மெலியும்; 'g'யும் அப்படியே, 'நகை'யில் வரும் ககரம்போல. இதை ஆங்கிலம் பேசுகிறவருக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும், நமக்கு வாய் தானாகச் செய்துவிடும். 'ர'வும் 'ற'வும் வேறு என்று சிறுவகுப்பிலேயே படித்ததால் அவர்களுடைய இரண்டு ரகரங்களும் புதிதல்ல. 'வருகிறேன்' என்றால் 'நான்' சொல்லத் தேவையில்லை. அங்கும் வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடும். 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்று நாம் சொல்லும் அதே அமைப்பில்தான் அவர்களும் சொல்கிறார்கள். நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் உண்டு.

சிரமம் வேறு இடத்தில். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். உயிரில்லாத பொருளுக்கெல்லாம் பால் வைத்துக்கொண்டு, பெயரடையையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். அஃறிணைக்குப் பழகிய நமக்கு இது நெடுநாள் தொல்லை தரும். விருப்பம், ஐயம், வேண்டுகோள் இவற்றுக்கு வினை தனி உருவம் எடுக்கும். அதுதான் இரண்டாம் ஆண்டில் பிள்ளைகளை அழவைப்பது. தினம் வாய்விட்டுப் படித்தால் அதுவும் வசப்படும்.

மொழி பட்டத்தின் பாதி மட்டுமே. மற்றப் பாதியான பண்பாடும் வரலாறும் ஈழத்துப் பிள்ளை ஒருவருக்கு அந்நியமான பாடமே அல்ல என்பதற்காகத்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீட்டுகிறேன்.

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்களே, அந்தக் காலத்தில் போர்த்துக்கலை ஆண்டது ஸ்பெயினின் மன்னர். 1580 முதல் 1640 வரை இரண்டு நாடுகளும் ஒரே முடியின் கீழ் இருந்தன. மெக்சிகோவிலும் பெருவிலும் கோயில்களை இடித்த அதே பேரரசின் இன்னொரு கைதான் திருக்கோணமலைக்கு நீண்டது.

அடுத்தது பப்லோ நெருடா. 1971இல் நோபல் பரிசு பெற்ற இந்தச் சிலி நாட்டுக் கவிஞர், 1929இல் தன் நாட்டுத் துணைத்தூதராகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தைக் கடலோரம் குடியிருந்தார். அவர் இறந்தபின் 1974இல் வெளியான நினைவுக்குறிப்பில், தன் வீட்டு மலக்கூடத்தைச் சுத்தம் செய்ய வந்த தமிழ்ப் பெண்ணைத் தான் பலவந்தப்படுத்தியதைத் தானே எழுதியிருக்கிறார். அதில் அவளுடைய சாதி இருக்கிறது, பெயர் இல்லை. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரை வைக்கும் யோசனை வந்தபோது, சிலி நாட்டுப் பெண்கள் அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம 2021இல் அதைப் படமாகவே எடுத்தார். அந்தப் பெண் பேசிய மொழியில் பிறந்த ஒருத்தி, அந்தப் பக்கத்தை எழுதப்பட்ட மொழியிலேயே வாசித்து, அதைப் பற்றி ஸ்பானியத்திலேயே எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இன்னொன்று இதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. ஆர்ஜன்டீனாவில் 1976 முதல் 1983 வரை இராணுவம் ஆண்டது. பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைக் கேட்டு, 1977இல் தாய்மார் புவனோஸ் ஐரஸ் நகரின் மாயோ சதுக்கத்தில், ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் கூடினார்கள். தலையில் வெள்ளைத் துணி கட்டி வியாழன்தோறும் அங்கே சுற்றி நடந்தார்கள். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருந்த நம் அம்மாமாரை நீங்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள். ஆர்ஜன்டீனாவில் ஆட்சி மாறியதும் ஆணைக்குழு விசாரித்து, 1984இல் அறிக்கை வெளியிட்டது. புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை அடையாளம் காண இளம் மானிடவியலாளர் குழு ஒன்று அதே ஆண்டு உருவானது. தடுப்பில் பிறந்து களவாகப் பிறருக்குக் கொடுக்கப்பட்ட குழந்தைகளைத் தேடிய பாட்டிமார், மரபணுச் சோதனை வழியாக 130க்கு மேற்பட்ட பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இத்தனை சாட்சியமும் சட்ட அனுபவமும் ஸ்பானிய மொழியில் குவிந்து கிடக்கின்றன. அந்த அறிவு எங்களுக்குத் தேவை. இலத்தீன் அமெரிக்கா பற்றித் தமிழில் நாம் படித்தவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்தது. கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' தமிழுக்கு வந்ததும் அப்படித்தான்.

அப்பாவின் கேள்வியையும் தட்டிக்கழிக்கக் கூடாது. அவர் பிழையாகக் கேட்கவில்லை. பாடசாலையில் பாடமில்லாததால் அரச ஆசிரியர் நியமனம் கிடைக்காது என்பது உண்மை. 'சாப்பாடு எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு' என்பதற்கு இன்று கைப்பேசியே மொழிபெயர்க்கிறது. அந்த அளவு ஸ்பானிஷுக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை. மொழியோடு இன்னொரு திறன் சேர்ந்தால்தான் வேலை. சட்டம், மருத்துவ உரைபெயர்ப்பு, கணக்கியல், ஊடகம், சுற்றுலா என்று எதுவாகவும் இருக்கலாம். உங்கள் கரையில் சுற்றுலா எளிதில் பொருந்தும். ஸ்பெயினில் ஊரே விடுமுறையில் போகும் மாதம் ஆகஸ்ட். நிலாவெளியில் கடல் அமைதியாக இருக்கும் பருவமும் அதுவே. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் உரிமம் பெற்ற, புறாத்தீவின் முருகைக்கல்லைப் பற்றியும் கோணேசர் வரலாற்றைப் பற்றியும் ஸ்பானிஷில் பிழையில்லாமல் விளக்கக்கூடிய தமிழ் வழிகாட்டிக்குத் தொழில் உண்டு. வெளியே பார்த்தால் ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி, ஐ.நா.வின் ஆறு மொழிகளில் ஒன்று. அமெரிக்காவில் மட்டும் 4 கோடிக்கு மேற்பட்டோர் வீட்டில் அதைப் பேசுகிறார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள கம்பனிகள் அந்த வாடிக்கையாளருக்காக ஸ்பானிஷ் தெரிந்தவர்களை எடுக்கின்றன.

ஆகவே என் ஆலோசனை இது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கு இசட் ஸ்கோர் போதுமாக இருந்தால் அந்த விண்ணப்பத்தையும் போடுங்கள், விட்டுவிடாதீர்கள். புலமைப்பரிசில் கிடைத்தால் டில்லிக்கோ ஹைதராபாத்துக்கோ போங்கள். கிடைக்காவிட்டால் கோணேசபுரியில் தொடர்பாடலோ வேறொரு பட்டமோ படித்துக்கொண்டே ஸ்பானிஷைப் பக்கத்தில் வளர்க்கலாம். ஸ்பெயின் அரசின் பெயரால் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் 'டெலே' பரீட்சை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்டது, சான்றிதழ் காலாவதியாவதில்லை. பட்டம் முடியும்போது பி2 சான்றிதழ் கையிலிருந்தால், இந்தியாவிலோ ஸ்பெயினிலோ முதுகலைக்கு அந்த வழியாலும் போகலாம். சில ஆண்டுகளை ஒரு மொழிக்குக் கொடுக்குமுன் ஏ2 அளவுக்காவது படித்துப் பாருங்கள். அந்தப் படியிலும் ஆசை குறையாவிட்டால் அது நிலைக்கும் ஆசை. கைப்பேசிச் செயலியை மட்டும் நம்பவேண்டாம். அடுத்த பருவத்தில் உங்கள் வீட்டு அறைக்கு வருகிறவர்களோடு பிழைபிழையாகவாவது பேசுங்கள்.

அப்பாவிடம் இந்தப் பதிலை முழுவதும் வாசித்துக் காட்டுங்கள், வேலை பற்றிய பகுதியை ஒளிக்கவேண்டாம். கடவுச்சீட்டும் உயர்தரச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியும் விண்ணப்பம் கோரப்படும் நாளில் கையில் இருக்கவேண்டும். இரண்டுக்கும் நாள் எடுக்கும், ஆகையால் இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.