ஒரே குலத்து இரு கிருமிகள்

காசநோயையும் தொழுநோயையும் நாம் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கிறோம். முன்னது மார்பைத் தாக்கும், பின்னது தோலைத் தாக்கும் என்று எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். ஆனால் இவ்விரு நோய்களின் கிருமிகளும் மைக்கோபாக்டீரியம் என்னும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. தொழுநோய்க் கிருமியை 1873-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சனும், காசநோய்க் கிருமியை 1882-ல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக்கும் கண்டறிந்தனர்.

இக்கிருமிகளைச் சுற்றி மெழுகு போன்ற தடித்த கொழுப்பு உறை உண்டு. உடலுக்குள் நுழையும் அந்நியக் கிருமிகளை விழுங்கிச் செரித்துவிடுவது வெள்ளணுக்களின் வேலையன்றோ? இவற்றையும் அவை விழுங்குகின்றன. ஆனால் பல வேளைகளில் செரிக்க முடிவதில்லை. காவலன் வீட்டிலேயே கைதி குடித்தனம் நடத்துவது போல, விழுங்கிய அணுவுக்குள்ளேயே கிருமி பெருகுகிறது. அதுவும் மிக மெதுவாக! காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. தொழுநோய்க் கிருமிக்கோ இரண்டு வாரம் வரை ஆகும். ஆகவேதான் தொழுநோய் வெளிப்படப் பல ஆண்டுகள் செல்கின்றன.

காசநோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் காற்றில் மிதந்து நமது நுரையீரலின் காற்றறைகளை அடைகின்றன. வெள்ளணுக்கள் திரண்டு வந்து கிருமிகளைச் சுற்றி மதில் எழுப்புகின்றன. பெரும்பாலோருக்கு இம்மதில் ஆயுள் முழுதும் நிற்கும்; கிருமி புகுந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே அது நோயாக மாறுகிறது. அரைவயிற்றுக் கஞ்சி, நீரிழிவு, எச்.ஐ.வி. முதலியவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றும்போது மதில் தளர்கிறது. முடிச்சின் நடுப்பகுதி செத்துப் பாலாடைக்கட்டி போலாகி, பின்பு இளகி, மூச்சுக்குழலில் உடைகிறது. அவ்விடத்தில் உண்டாகும் பொந்தில் காற்று தாராளமாகக் கிடைப்பதால் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகிச் சளியோடு வெளியேறுகின்றன. அருகிலுள்ள இரத்தக் குழாய் அரிக்கப்பட்டால் சளியில் இரத்தம் வரும். இந்த அழிவில் பெரும்பங்கு கிருமியின் நஞ்சால் வருவதன்று. அதனோடு நம் உடல் நடத்தும் போரால் வருவது. ஓயாத அப்போரில் காய்ச்சலும் மெலிவும் சேர்கின்றன. எலும்புருக்கி என்று நம் முன்னோர் இதனை அழைத்தது பொருத்தமே.

தொழுநோய்க் கிருமிக்கு நம் உடலின் வெப்பம் சற்று அதிகம். குளிர்ச்சியான இடங்களையே அது நாடுகிறது: தோல், மூக்கு, காதுமடல், முழங்கை போன்ற இடங்களில் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள். நரம்பைப் போர்த்திருக்கும் அணுக்களுக்குள்ளேயே அது குடியேறிவிடுகிறது. இங்கும் உடல் போர் தொடுக்கிறது. நரம்பு வீங்கி நசுங்குகிறது. உணர்ச்சியற்ற தேமல் தோன்றுவது இதனால்தான்.

தொழுநோய் விரலைத் தின்றுவிடும் என்று இன்றும் பலர் நம்புகின்றனர். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் இதனை மறுத்தார். வலி தெரியாத விரல்களே அழிகின்றன என்று அவர் காட்டினார். சுடுபாத்திரத்தைப் பிடித்த கை பின்வாங்குவதில்லை. காலில் தைத்த ஆணி தெரிவதில்லை. உறங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பு வருவதில்லை. காயம் புண்ணாகி, புண் எலும்புவரை சென்று, விரல் குறுகிப்போகிறது. நமக்குச் சுள்ளென்று வலிப்பது எவ்வளவு பெரிய காவல்!

ரிஃபாம்பிசின் என்னும் மருந்து இவ்விரு கிருமிகளையும் கொல்கிறது. மற்ற மருந்துகளோடு சேர்த்து, காசநோய்க்குப் பொதுவாக 6 மாதமும், தொழுநோய்க்கு 6 அல்லது 12 மாதமும் அதனைத் தருகின்றனர். காசநோயாளி வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வு 1959-லேயே மெய்ப்பித்தது. தொழுநோயோ தொட்டவுடன் ஒட்டுவதன்று. பெரும்பாலான மக்களுக்கு இயற்கையிலேயே அதற்கு எதிர்ப்பாற்றல் உண்டு. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளியிடமிருந்து அது பரவுவதும் நின்றுவிடுகிறது.

ஆனால் மருந்து கிருமியைத்தான் கொல்லும். பட்டுப்போன நரம்பை மீட்காது. குணமடைந்த பின்னும் சிலருடைய விரல்கள் மடங்கியே இருப்பதன் காரணம் இதுவே. அந்தக் கையில் கிருமி இல்லை.