உழவர் உதவித்தொகை

பிம்ப்ரி தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். அதனை அடுத்த மாவல் வட்டத்தில் உழவர்கள் நெல் பயிரிடுகின்றனர். விதையும் உரமும் வாங்க அவர்களுக்குப் பணம் வேண்டும். இதற்காக நடுவண் அரசு 2019ஆம் ஆண்டு ‘பிரதம மந்திரி கிசான்’ திட்டத்தைத் தொடங்கியது. தகுதியுள்ள உழவர் குடும்பத்திற்கு ஆண்டுதோறும் 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. மகாராட்டிர அரசும் 2023 முதல் மேலும் 6,000 ரூபாய் வழங்குகிறது.

ஆயினும், நிலம் உழவர் பெயரில் இருத்தல் வேண்டும். பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கு இத்தொகை கிடைப்பதில்லை. அங்கு உழைப்பவர் ஒருவர். உதவி பெறுபவர் வேறொருவர்.

சொற்பொருள்: தவணை – பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை.

விடை எழுதுக:
1. உதவித்தொகை எவ்வாறு வழங்கப்படுகிறது?
2. குத்தகை உழவரும் பயன்பெற என்ன செய்யலாம்?