அவர் அச்சிடாத கதைகளை நாம் ஏன் படிக்க வேண்டும்?

கேள்வி: வேர்ஜினியா வுல்ஃப் இளம் வயதில் எழுதி, அவர் இருந்த காலத்தில் அச்சில் வராத மூன்று கதைகள் இப்போது புத்தகமாக வந்திருப்பதாகப் படித்தேன். அவரே வேண்டாமென்று ஒதுக்கியதை இத்தனை காலம் கழித்து எடுத்து வெளியிடுவது சரியா? பேர்பெற்ற ஒருவரின் கன்னி முயற்சிகளால் வாசகருக்கு என்ன லாபம்? படிப்பதென்றால் எப்படிப் படிப்பது? பாடசாலை நாளிலிருந்து நான் எழுதிய மூன்று கொப்பிகள் பெட்டியில் கிடக்கின்றன. அதனால்தான் கேட்கிறேன்.
— வாசகி ஒருவர், கட்டுகஸ்தோட்டை

பதில்: அன்புள்ள வாசகிக்கு, மூன்று கேள்வி கேட்டுவிட்டு, நான்காவதைக் கடைசி வரியில் மெல்ல வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த நான்காவதையும் கவனித்தேன். முடிவில் அதற்கு வருகிறேன்.

முதலில், உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் ஒரு முடிவை வெளியே எடுத்துவிடுவோம். ‘அவரே வேண்டாமென்று ஒதுக்கியது’ என்கிறீர்கள். அச்சில் வரவில்லை என்றால் எழுதியவருக்குப் பிடிக்கவில்லை, அல்லது பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். சில வேளைகளில் அது உண்மைதான். ஆனால் ஓர் எழுத்து அச்சேறாமல் போவதற்கு வேறு காரணங்கள் உண்டு. இந்த மூன்று கதைகளே அதற்கு நல்ல சாட்சி.

1907இல் வேர்ஜினியாவுக்கு வயது 25. திருமணமாகவில்லை, வுல்ஃப் என்ற பெயரும் இன்னும் வரவில்லை, ஒரு நாவல்கூட வெளியாகியிருக்கவில்லை. வயலட் டிக்கின்சன் என்பவர் அவருடைய மூத்த தோழி, ஆறடிக்கு மேல் உயரமானவர். 1904இல் தந்தை இறந்து வேர்ஜினியா மனம் குலைந்திருந்தபோது தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் இவர்தான். பத்திரிகை ஆசிரியரிடம் அறிமுகம் செய்து, அதே ஆண்டு வேர்ஜினியாவின் முதல் கட்டுரைகள் அச்சாக வழி செய்தவரும் இவரே. அந்தத் தோழியை ஒரு பூதாகாரமான கதாநாயகியாக்கி, கேலியும் பாசமும் கலந்து வேர்ஜினியா எழுதியவைதான் இந்த மூன்று கதைகள். முதல் பிரதியை ஊதா நிற மையில் தட்டச்சு செய்து தோழிக்கே பரிசாகக் கொடுத்தார். வயலட் என்றால் ஊதா அல்லவா!

ஆக, இவை சந்தைக்காக எழுதப்பட்டவை அல்ல. ஒரே ஒரு வாசகிக்காக எழுதப்பட்டு, அந்த வாசகியின் கையைச் சேர்ந்தவை. சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்த கதையை ஒதுக்கப்பட்ட கதை என்று சொல்ல முடியாது.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1908இல் அவர் இக்கதைகளைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். திருத்திய தட்டச்சுப் பிரதி இங்கிலாந்தில் லோங்லீட் என்ற பழைய மாளிகையில் இருந்தது. அதை அடிப்படையாக வைத்துத்தான் பேராசிரியர் ஊர்மிளா சேஷகிரி 2025இல் ‘வயலட்டின் வாழ்க்கை’ என்று பொருள்படும் தலைப்பில் பதிப்பித்தார். வேண்டாமென்று போட்டதை உட்கார்ந்து திருத்துகிறவர் யார்?

அச்சேறாமைக்கு இரண்டாவது காரணம், ஒரு பிரதி இன்னொன்றாக வளர்ந்துவிடுவது. வேர்ஜினியாவின் முதல் நாவல் ‘தி வோயேஜ் அவுட்’ 1915இல் வந்தது. அதற்கு முன் ‘மெலிம்ப்ரோஷியா’ என்ற பெயரில் பல வருடம் அதையே எழுதி எழுதி மாற்றிக்கொண்டிருந்தார். அந்த முந்தைய வடிவத்தை லூயிஸ் டெசால்வோ என்ற ஆய்வாளர் கைப்பிரதிகளிலிருந்து மீட்டு 1982இல் வெளியிட்டார். இதை வரைவு என்போம். அதாவது முடிந்த நூலுக்கு முந்தைய நிலை. அச்சான நாவலுக்குள் இந்த வரைவும் ஒருவகையில் உயிரோடுதான் இருக்கிறது.

மூன்றாவது காரணம் நம்மவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது: அச்சு யந்திரம் யார் கையில் இருக்கிறது என்பது. கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யை வெளிக்கொண்டுவந்தார். இலங்கைத் தமிழின் முதல் நாவல் என்று அதைச் சொல்வார்கள். அவர் ‘முஸ்லிம் நேசன்’ என்ற பத்திரிகையையே நடத்தியவர். அந்த வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? மலையகத்தில் எழுதப்பட்ட எத்தனையோ கதைகள் நாளிதழ்களின் ஞாயிறு பக்கங்களோடு நின்றுபோயின. தமிழ்நாட்டில் புதுமைப்பித்தனுக்கே அந்தக் கதிதான். அவர் 1948இல் இறந்தார். அச்சாகாமலும், இதழ்களில் வந்து நூலில் சேராமலும் கிடந்த எழுத்துகளை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து, ‘அன்னை இட்ட தீ’ என்ற நூலாகக் கொண்டுவந்தது 1998இல். சரியாக 50 ஆண்டுகள்! அத்தனை காலமும் அவை தரமற்றவையாகவா இருந்தன? தேடுவார் இல்லாமல் இருந்தன, அவ்வளவுதான்.

வேர்ஜினியாவும் இதை உணர்ந்தவர்தான். 1917இல் அவரும் கணவரும் ஒரு சிறு கை அச்சு யந்திரத்தை வாங்கிச் சாப்பாட்டு அறையிலேயே நிறுத்தி, தாங்களே எழுத்துக் கோர்த்து அச்சடித்தார்கள். 1922இல் வந்த ‘ஜேக்கப்ஸ் ரூம்’ தொடங்கி அவருடைய நாவல்களெல்லாம் சொந்தப் பதிப்பகத்திலேயே வந்தன. எந்தப் பதிப்பாளரின் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் துணிந்து புதுப்பாதையில் எழுதிய நாவல்கள் அதன்பிறகு வந்தவையே.

எனவே, அச்சேறாமை என்பது ஒரு சூழ்நிலை. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி எதிர்ப்பக்கத்துத் தவறையும் சொல்லிவிட வேண்டும். ‘இத்தனை நாள் மறைந்திருந்த மகா காவியம்’ என்று புத்தகக் கடைகள் சொல்லும், அதையும் நம்பாதீர்கள். இந்த மூன்று கதைகளும் 1925இல் வந்த ‘மிஸஸ் டாலோவே’க்கு ஈடாக மாட்டா. அவை விளையாட்டுப் பிள்ளையின் எழுத்து. தோழிகளுக்கு மட்டும் புரியும் நையாண்டிகள் அவற்றில் நிறைய உண்டு. பெரிய நாவலை எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

அப்படியானால் என்னதான் லாபம்? எழுத்து என்பது வரம், பிறவிக் கொடை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அந்த நம்பிக்கை மெல்லக் கரைவதுதான் லாபம். முடிந்த நாவல் நமக்கு வீட்டைக் காட்டுகிறது. ஆரம்ப எழுத்து சாரத்தைக் காட்டுகிறது. எந்தக் கம்பில் கால்வைத்து ஏறினார், எந்தக் கம்பு முறிந்தது என்பதெல்லாம் தெரிகிறது. இந்தக் கதைகளில் ஒன்றில், பெண்கள் தங்களுக்கென்று சொந்தமாக ஒரு சிறு வீடு வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். எழுத விரும்பும் பெண்ணுக்குத் தனக்கென ஓர் அறையும் வருமானமும் வேண்டும் என்று அவர் வாதிட்ட புகழ்பெற்ற நூல் வந்தது 1929இல். ஒரு வேடிக்கைக் கதையில் ஆசையாகத் தொடங்கியது, இருபது ஆண்டுக்கு மேல் உள்ளே கிடந்து வாதமாக முதிர்ந்திருக்கிறது. இதை எந்த வாழ்க்கை வரலாறும் இவ்வளவு தெளிவாக உங்களுக்குக் காட்டாது.

நீங்கள் இருக்கும் ஊருக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு, தெரியுமா? வேர்ஜினியா அந்தக் கதைகளை எழுதித் திருத்திய அதே 1907-08இல், பின்னாளில் அவரை மணக்கப்போகும் லெனார்ட் வுல்ஃப் கண்டியில்தான் இருந்தார். அரசாங்க அதிபரின் அலுவலக உதவியாளர் உத்தியோகம். கச்சேரியில் விவாக, விவாகரத்து விவகாரங்களைக் கேட்டார். போகம்பறைச் சிறையில் தூக்குத் தண்டனைகள் நிறைவேறும்போது பக்கத்தில் நின்று மேற்பார்க்க வேண்டியிருந்ததையும் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1908இல் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனார். அந்தப் பதவிக்கு ஒரு கடமை உண்டு: அன்றாடம் உத்தியோக நாட்குறிப்பு எழுத வேண்டும். உப்பு, மாட்டு நோய், வழக்கு, காட்டுக் கிராமத்துப் பட்டினி என்று எல்லாம் அதில் இருக்கின்றன. 1911இல் இங்கிலாந்து திரும்பிய பின் எழுதி, 1913இல் வெளியிட்ட நாவல்தான் ‘தி வில்லேஜ் இன் த ஜங்கிள்’. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதை ‘பெத்தேகம’ என்று படமாக்கினார், பார்த்திருப்பீர்கள்.

அந்த நாட்குறிப்புகளும் பின்னர் நூலாகிவிட்டன. அவற்றைப் படித்துவிட்டு நாவலைப் படித்துப் பாருங்கள். நாட்குறிப்பில் கிராமத்தான் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். நாவலில் எழுதுகிறவரே மேசையை விட்டு எழுந்து அவன் குடிசைக்குள் போய்விடுகிறார். இரண்டுக்கும் இடையில் நடந்த அந்த மாற்றம்தான் இலக்கியம். நாவலின் கையெழுத்துப் பிரதியோ, உங்கள் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில், பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அங்கே கற்பித்த யாஸ்மின் குணரத்ன, அந்தப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பை 2004இல் வெளியிட்டார். இத்தகைய பதிப்பில் ‘பாடபேதம்’ என்ற சொல்லைக் காண்பீர்கள். ஒரே இடத்தில் பிரதிக்குப் பிரதி மாறும் சொற்களுக்கு அந்தப் பெயர். நம் சங்க நூல்களைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏடு ஏடாக ஒப்பிட்டதும் இதற்காகத்தான்.

சரி, எப்படிப் படிப்பது? நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் பதிப்பாசிரியரின் முன்னுரை. மற்ற நூல்களில் அதைக் கடைசியில் படித்தாலும் குற்றமில்லை. இங்கே அப்படி விட முடியாது. எந்தப் பிரதி, எந்த ஆண்டு, எங்கே கிடைத்தது, எவ்வளவு திருத்தப்பட்டது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது, ‘இது யாருக்காக எழுதப்பட்டது?’ என்று கேளுங்கள். ஜேன் ஆஸ்டின் ஏறக்குறைய 11 வயதிலிருந்து 17 வயது வரை எழுதிய கதைகளைத் தாமே மூன்று கொப்பிகளில் நல்ல எழுத்தில் பெயர்த்து வைத்தார். வீட்டார் கூடியிருந்து வாசித்துச் சிரிப்பதற்காக எழுதப்பட்டவை அவை. மூன்றும் அச்சில் வந்து முடிய 1951 ஆகிவிட்டது. மௌனமாகப் படித்தால் அவற்றில் பாதிச் சுவை போய்விடும். நாலு பேர் நடுவே உரக்க வாசித்தால், அந்தக் குடும்பத்தின் சிரிப்பு உங்களுக்கும் கேட்கும்.

மூன்றாவது, எழுதியவரின் அன்றைய வயதில் அவரை நிறுத்திப் படியுங்கள். பிற்காலப் பெருமையின் விதைகளை மட்டுமே பொறுக்கிக்கொண்டு போனால் கதை கையைவிட்டுப் போய்விடும். அவர் பின்னால் கைவிட்ட வழிகளும் அங்கே இருக்கின்றன. வேர்ஜினியாவின் இந்தக் கட்டற்ற கேலி, பிறகு வந்த சோகத்தில் நாம் மறந்துபோன ஒரு முகம்.

நான்காவது, அதன்பிறகு அவருடைய முதிர்ந்த நூல் ஒன்றை உடனே எடுத்துப் படியுங்கள். ஒப்பீடு தானாக நடக்கும்.

வெளியிடுவது சரியா என்றும் கேட்டீர்கள். எளிதில் தாண்டிப் போகக்கூடிய கேள்வியல்ல அது. 1941இல் வேர்ஜினியா விட்டுச்சென்ற கடைசிக் கடிதத்தின் ஓரத்தில், தன் தாள்களை அழித்துவிடும்படி கணவரைக் கேட்டிருந்தார். லெனார்ட் அழிக்கவில்லை. நாட்குறிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்து 1953இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார். அவர் செய்தது அன்பா, மீறலா என்று இன்றைக்கும் வாதாடலாம். என் கட்சி இது: அழிக்கச் சொன்னதும், தோழிக்கு அன்போடு கொடுத்ததும் ஒன்றல்ல. கொடுத்த பரிசு பெற்றவருடையது. எப்படி வந்தாலும், ‘இது ஆரம்ப எழுத்து, ஆசிரியர் அச்சிடாதது’ என்று முகப்பிலேயே சொல்லி, பிற நூல்களோடு கலக்காமல் தனியே வைத்தால் எழுதியவருக்கும் அநியாயம் இல்லை, வாசகருக்கும் இல்லை.

இனி உங்கள் மூன்று கொப்பிகள். தயவுசெய்து அவற்றை எரித்துவிடாதீர்கள்; திருத்தி அழகாக்கவும் வேண்டாம். மகாவலிக் கரையின் ஈரக்காற்றில் கடதாசி சீக்கிரம் பூசணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சியும் வரும். ஆகவே பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வையுங்கள். இரும்பு ஊசி, கிளிப் இருந்தால் கழற்றிவிடுங்கள். துரு தாளைத் தின்னும். பிறகு ஒவ்வொரு கொப்பியின் முதல் பக்கத்திலும், மேல் ஓரத்தில், பென்சிலால் இரண்டே இரண்டு விவரம் எழுதுங்கள்: எந்த ஆண்டு எழுதியது, யாரை நினைத்து எழுதியது.

ஆண்டு உடனே வந்துவிடும். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசிப்பீர்கள். பெயர் நினைவுக்கு வந்ததும், அவர் இருக்கிறாரென்றால், ஒரு கொப்பியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.