பிள்ளையின் போதைப் பழக்கத்தை யாரிடமிருந்து மறைப்பது?



கல்லூரிகள் திறந்துவிட்டன. நமது அறக்கட்டளைக்கு கல்வி உதவி கேட்டு விண்ணப்பங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆண்டுதோறும் இந்த நேரத்தில் மதிப்பெண், கட்டணம், விடுதி என்றுதான் இந்தப் பக்கத்தில் எழுதுவோம். இம்முறை போதையைப் பற்றி எழுதுகிறோம். அதற்குக் காரணம், நாங்களே செய்துவிட்ட ஒரு தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மூர்ப் பிள்ளை ஒருவன் வெளியூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். அத்தா வளைகுடாவில் வேலை. இரண்டாம் ஆண்டில் அறைத் தோழர்களோடு சேர்ந்து கஞ்சா பழகினான். லீவுக்கு வந்தபோது துவைக்கப் போட்ட பேண்ட்டில் சுருட்டுகிற தாளும் தூளும் இருந்ததை அம்மா பார்த்துவிட்டார். மகளுக்கு நிக்காஹ் பேசி வைத்திருந்த நேரம். வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்றுபோகும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் கழித்து விடுதியிலிருந்து அவனை அனுப்பியபோதுதான் விஷயம் எங்கள் காதுக்கு வந்தது. நிர்வாகக் குழுவைக் கூட்டினோம். நல்லொழுக்கம் உள்ளவருக்கே உதவித்தொகை என்பது விதி. பத்து நிமிடத்தில் நிறுத்தினோம். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேச எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படிப்பு நின்றது. அடுத்த வருடம் அவன் வலி மாத்திரைகளுக்குப் போனான். அவற்றைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்குப் போனான்.

அல்ஹம்துலில்லாஹ், இன்று அவன் சிகிச்சையில் இருக்கிறான். அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டு, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் இதை எழுதுகிறோம். அந்தத் தாயைக் குறை சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. அவர் பயந்து மறைத்தார். எல்லாம் தெரிந்த பிறகும் நாங்கள் கதவைச் சாத்தினோம்.

எது ஹராம் என்பதில் ஒரு குழப்பம்

நம் பிள்ளைகளில் பலர் டாஸ்மாக் பக்கம் போவதில்லை. மது ஹராம் என்று சிறுவயதிலேயே மதரஸாவில் பதிந்திருக்கிறது. ஆனால் கஞ்சாவைப் பற்றிக் கேட்டால், "அது இலைதானே" என்கிறார்கள். மாத்திரை என்றால், "மெடிக்கலில் விற்பதுதானே" என்கிறார்கள். உதட்டுக்குள் வைக்கிற கூல் லிப்பைப் போதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வாயில் வாடை வராது, வீட்டில் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

இதற்கு மார்க்கத்தில் பதில் தெளிவாக இருக்கிறது. போதை தரும் ஒவ்வொன்றும் மதுவே என்றும், அதிகம் உண்டால் போதை தருவது எதுவோ அதில் கொஞ்சமும் ஹராம் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அறிவை எது மூடுகிறதோ அதுவே 'கம்ர்' என்று உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கினார்கள். திராட்சையா, பேரீச்சையா, இலையா, மாத்திரையா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. மருத்துவர் நோய்க்கு எழுதித் தரும் மாத்திரை வேறு விஷயம். அதைப் பிள்ளைகளும் அறிவார்கள்.

நாட்டின் நிலையும் தெரிந்திருக்க வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி, மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3 கோடிப் பேர். இந்தக் கணக்கில் நம் வீட்டுப் பிள்ளை இருக்கவே மாட்டான் என்று எண்ணிக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

முதல் ஆறு மாதம்

கல்லூரிக்குப் போன முதல் சில மாதங்கள் கடினமானவை. புது ஊர், புரியாத பாடம், முதல் அரியர். சில நகரங்களில் முஸ்லிம் பையன்களுக்கு வாடகை வீடு கிடைப்பதே சிரமம். கிடைத்த அறையில், கிடைத்தவர்களோடு தங்குகிறார்கள். அங்கே முதலில் ஒருவன் நீட்டுவான்; காசு கேட்கமாட்டான். வேண்டாம் என்றால் சிரிப்பார்கள். எங்களிடம் பேசிய பையன்கள் யாரும் போதைக்கு ஆசைப்பட்டுத் தொட்டதாகச் சொல்லவில்லை. கூட்டத்தில் தனித்து நிற்கக் கூச்சப்பட்டுத் தொட்டதாகவே சொன்னார்கள்.

ஆகவே அனுப்பும் முன்பே பேசுங்கள். "அந்த மாதிரிப் பையன்களோடு சேராதே" என்று சொன்னால் போதாது. அந்த இரவு, அந்த அறையில், நாலு பேர் முன்னால் என்ன பதில் சொல்வாய் என்று கேளுங்கள். வாயால் சொல்ல வையுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் ஒருமுறை சொல்லிப் பழகிய வாய்க்கு மறுமுறை சொல்வது எளிது.

பிறகு அந்தத் தினசரி போன். "சாப்பிட்டியா, தொழுதியா?" என்று இரண்டு கேள்வி. அவன் இரண்டுக்கும் "ம்" என்பான். வெளிநாட்டிலிருக்கும் அத்தாமார்கள் பலருக்குப் பிள்ளையோடு இருக்கும் உறவே இந்த இரண்டு "ம்"தான். அறையில் யார் யார் இருக்கிறார்கள், எந்தப் பாடம் பிடிபடவில்லை, இரவு எப்போது தூங்குகிறான் என்று கேளுங்கள். அடிக்கடி இருநூறு, முந்நூறு என்று ஜிபே கேட்பது, பகலெல்லாம் தூங்குவது, பழைய நண்பர்களை விட்டுவிடுவது, வகுப்புக்குப் போகாதது எல்லாம் கவனிக்க வேண்டியவை. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம். மன உளைச்சலிலும் இதேபோல் இருப்பார்கள். அதற்கும் உதவி தேவைதான்.

ரமளானையும் சொல்ல வேண்டும். பகலில் நோன்பு வைத்துவிட்டு, தராவீஹ் முடிந்ததும் பைக்கில் கிளம்பி ஸஹர் நேரம்வரை எங்கிருந்தான் என்று தெரியாத பிள்ளைகள் நம்மூரிலும் உண்டு. நோன்பு வைத்தானே என்று திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

மறைத்தல் என்பதன் பொருள்

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழியை நம் தாய்மார்கள் அறிவார்கள். அதைச் சொல்லித்தான் பலரும் பிள்ளையின் பழக்கத்தை மூடி வைக்கிறார்கள். ஊரார் வாயில் அவன் பெயர் விழாமல் மறைப்பது சரி. அத்தாவிடமிருந்தும் மருத்துவரிடமிருந்தும் மறைத்தால் அவனுக்கு என்ன நன்மை? காய்ச்சலை யாரும் அப்படி மறைப்பதில்லை.

புகாரியில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. மது அருந்தியதற்காக ஒரு மனிதர் மீண்டும் மீண்டும் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டார். தண்டனையும் கொடுக்கப்பட்டது. அங்கிருந்த ஒருவர் அவரைச் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சொன்னார்கள். தவறைத் தவறென்றே சொன்ன நபியவர்கள் அந்த மனிதரைக் கைவிடவில்லை. எங்கள் பத்து நிமிடக் கூட்டத்தில் இந்த ஹதீஸ் எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

மதுவைத் தடுத்த வசனங்களும் ஒரே நாளில் இறங்கவில்லை. அதில் பயனைவிடக் கேடு பெரிது என்று முதலில் அறிவிக்கப்பட்டது (2:219). பிறகு போதையோடு தொழுகையை நெருங்கத் தடை வந்தது (4:43). இறுதியாக முழுத் தடை வந்தது (5:90). அந்த அறிவிப்பு வந்த நாளில் மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டது. சட்டம் இன்று முழுமையானது, அதில் படிப்படி கிடையாது. ஆனால் அடிமையாகிவிட்ட ஒருவனை மீட்க நாளாகும். இடையில் ஓரிருமுறை சறுக்கவும் கூடும்.

சட்டமும் சிகிச்சையும்

போலீஸ் பயத்தால் மருத்துவமனைக்குப் போகாதவர்கள் அதிகம். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ அவர்மேல் வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொள்ள இடமுண்டு. விற்பவர்களுக்கு இது பொருந்தாது. நண்பர்களுக்கும் சேர்த்து வாங்கி வந்து பங்கு போடும் பையன் தன்னை வியாபாரி என்று நினைப்பதில்லை. வழக்கில் அப்படித்தான் எழுதப்படலாம். இதை மகனுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசனையும், 14416-ல் மனநல ஆலோசனையும் கிடைக்கும். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மகள்களுக்காகவும் தயங்காமல் அழையுங்கள். அவர்கள் விஷயத்தில் நம் மறைப்பு இரட்டிப்பாக இருக்கிறது.

வீட்டில் பூட்டி வைத்து நிறுத்திவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தினமும் அதிகம் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் சித்தக் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வலி மாத்திரை, ஊசி வகையில் இன்னொரு ஆபத்து உண்டு. சில வாரம் விட்டிருந்து மறுபடி பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காமல் மூச்சு நின்றுவிடக் கூடும். மறுவாழ்வு இல்லம் என்று போர்டு மாட்டிக்கொண்டு அடித்து உதைக்கும் இடங்களும் இருக்கின்றன. பதிவுச் சான்று, வந்து பார்க்கும் மருத்துவர், பெற்றோர் சந்திக்க அனுமதி, மூன்றையும் கேட்காமல் சேர்க்காதீர்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ன் மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஓதிப் பாருங்கள், துஆ செய்யுங்கள். மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்று சொல்லித் தந்த மார்க்கம் நம்முடையது. மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள்.

எங்கள் விதியை மாற்றியிருக்கிறோம். உதவித்தொகை பெறும் மாணவரோ மாணவியோ போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்க முன்வந்தால் உதவித்தொகை நிற்காது. சிகிச்சைக்காக ஒரு பருவம் படிப்பை நிறுத்த நேர்ந்தாலும், திரும்பிப் போகும்போது அது தொடரும். இந்தத் தகவல் செயலாளரையும், குழுவில் உள்ள மருத்துவரையும் தாண்டாது. நிர்வாகக் குழுவின் குறிப்பேட்டிலும் பெயர் ஏறாது. குழுவில் இரண்டு பேர் இதை எதிர்த்தார்கள், ஒழுங்கு கெட்டுவிடும் என்றார்கள். அவர்கள் கவலையும் நியாயமானதே. அதனால் ஒரு வருடம் நடத்திப் பார்த்து மறுபடி பேசுவதாக முடிவு.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இதற்கென்றே ஒருவர் இருப்பார். பெண்கள் வந்தால் பேசுவதற்கு ஆலிமா ஒருவரும் இருப்பார். முன்வாசல் கடைத்தெருவைப் பார்த்து இருப்பதால் வரத் தயங்குவீர்கள் என்று தெரியும். பின்பக்கச் சந்தில் உள்ள கதவை அன்று திறந்து வைக்கிறோம்.